சாலையில் குறைந்துவரும் மரியாதை

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

லாரிகளின் பின்பலகையில் எழுதியிருப்பதை நீங்கள் படித்ததுண்டா? நாங்கள் ஒன்று விடாமல் படித்திருக்கிறோம். காலையில் பள்ளி வேனில் அமர்ந்துகொண்டு வேறு என்னதான் செய்வது! ஒன்றில் ‘ஒலி எழுப்பவும்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘சவுண்ட் ஹாரன்’. வடநாட்டு லாரியாக இருந்தால் பூவும் மயிலும் வரைந்து, நடுவில் ‘ஹாரன் ஓ.கே. பிளீஸ்’. சிறு வகுப்பில் படித்தபோது நாங்கள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கில வரிகளுள் அதுவும் ஒன்று. ‘பிளீஸ்’ என்று சொல்ல சிஸ்டர் கற்றுத் தருவதற்கு முன்பே லாரி கற்றுத் தந்துவிட்டது என்று எங்களுள் ஒருத்தி வேடிக்கையாகச் சொல்வாள்.

அந்த ‘பிளீஸ்’ எங்கே போயிற்று என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தோம்.

ஹாரன் என்பது முதலில் ஒரு கேள்வி. பெரிய வண்டி ஓட்டுபவருக்குப் பின்னால் வருவது சரியாகத் தெரியாது. ‘நீ பின்னால் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை, முந்த வேண்டுமானால் ஒரு குரல் கொடு, வழி விடுகிறேன்’ என்பதைத்தான் அந்தப் பலகை சொல்கிறது. பின்னால் வருபவர் ஒரு முறை அடிப்பார்; முன்னால் போகிறவர் பார்த்து ஒதுங்குவார். கேள்வியும் பதிலும் அத்தோடு முடிந்தன. இந்த வாசகமே ஓயாமல் ஹாரன் அடிக்கத் தூண்டுகிறது என்று 2015-இல் மகாராஷ்டிர அரசு ‘ஹாரன் ஓ.கே. பிளீஸ்’ என்று எழுதுவதைத் தடை செய்தது. கேட்கச் சொன்ன பலகையைக் கத்தச் சொன்ன பலகையாக மக்கள் மாற்றிக்கொண்டார்கள். பாவம், பலகை என்ன செய்யும்?

எங்களுக்கு இதில் அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற நவம்பரில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலை. எங்களுள் ஒருத்தி மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள், ஆகவே விட்டுவிடுகிறோம். ராமகிருஷ்ண மடம் சாலையில் மெட்ரோ ரயில் பணிக்காகத் தடுப்புகள் வைத்து வழியைக் குறுக்கியிருந்தார்கள். ஒதுங்க இடமில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு கார். காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. காதுக்கு அருகில் அவ்வளவு நீளமாக ஒலி வந்ததும் இவள் பதறிப் பிரேக்கைப் பிடித்தாள். நனைந்த இரும்புத் தகட்டின்மேல் சக்கரம் வழுக்கியது. நடுச்சாலையில் விழுந்தாள். கார் வளைந்து போயே போய்விட்டது.

லாரி நின்றது. நின்றது மட்டுமல்ல, சற்றே குறுக்காகத் திருப்பி, வேறு எந்த வண்டியும் அவளருகில் புகுந்துவிடாதபடி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். அவர் அவளைத் தொட்டுத் தூக்கவில்லை. நடைபாதையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காளைக் கூப்பிட்டு, “தாங்கிப் புடிங்க, கைய இழுக்காதீங்க” என்றார். சைக்கிளைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். ஓர் ஆட்டோவை நிறுத்தினார். எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். அந்த நான்கு நிமிடமும் பின்னால் நின்றவர்களின் ஹாரன் ஓயவில்லை என்று அவள் சொன்னாள். வலி கூட மறந்துவிட்டதாம். அந்தச் சத்தம் மறக்கவில்லையாம்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலக்கை ஆகையால் அரையாண்டுத் தேர்வை அவள் சொல்லச் சொல்ல ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எழுதினாள். வடிவியல் படத்தைச் சொல்லி வரையச் செய்வது எப்படி என்று அவளைக் கேட்டால் ஒரு தனிக்கட்டுரையே எழுதுவாள்.

லாரி என்றாலே முரட்டுத்தனம் என்று நினைத்திருந்த எங்களுக்கு அன்று முதல் குழப்பம். அந்த லாரி வாரம் இருமுறை அடையாற்றில் எங்களுள் இன்னொருத்தியின் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 12,000 லிட்டர் தண்ணீர் கொண்டுவருவது என்பது பிறகுதான் தெரிந்தது. தரைத்தொட்டி நிரம்பும் வரை ஓட்டுநருக்கு வேலை இல்லை. அவள் அம்மா தேநீர் கொடுப்பார். அந்த நேரத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமைகள் நாங்கள் போய் அவரிடம் பேசினோம். நன்றி சொல்லத்தான் போனோம். பாடம் கேட்டுக்கொண்டு வந்தோம்.

அவர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகள் ‘லைன் வண்டி’, அதாவது வெளிமாநிலத்துக்குச் சரக்கேற்றிப் போகும் லாரி, ஓட்டியவர். முதுகு வலி வந்த பிறகு தண்ணீர் லாரிக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “லைன்ல ஹாரனுக்கு அர்த்தம் இருந்துச்சு கண்ணு. ஒருக்கா அடிச்சா ‘நான் பின்னால வர்றேன்’னு. வழி உட்டதும் தாண்டிப் போறப்ப சின்னதா ஒண்ணு அடிப்போம். அது ‘ரொம்ப நன்றிங்க’ன்னு. இப்ப அடிக்கறதெல்லாம் வையறதுங்க.”

ஹாரன் மட்டுமா? ஒரு முழு மொழியே இருந்திருக்கிறது. எதிரே வரும் லாரிக்குக் கண் கூசாமல் இருக்க விளக்கை டிம் செய்வது முதல் மரியாதை. எதிரில் வருபவரும் டிம் செய்வார். அது பதில் வணக்கம். எதிரே வந்தவர் விளக்கை இருமுறை சிமிட்டினால் முன்னால் ஏதோ இருக்கிறது, மெதுவாகப் போ என்று பொருள். விபத்தாக இருக்கலாம், சாலையில் விழுந்த மரமாக இருக்கலாம், சோதனைச் சாவடியாகவும் இருக்கலாம் (இந்தக் கடைசி உதவியைப் பற்றி எங்களுக்குள் விவாதம் நடந்தது, முடிவு எட்டவில்லை). வண்டி பழுதாகி நின்றால் பின்னால் கற்களையும் இலைதழையையும் போட்டுவைப்பார்கள். அவ்வழியே வரும் அடுத்த லாரி நின்று, ஜாக்கி வேண்டுமா, ஸ்டெப்னி வேண்டுமா என்று கேட்கும். ஒன்றும் இல்லாவிட்டால் கிளீனரை ஏற்றிக்கொண்டுபோய் அடுத்த ஊர் மெக்கானிக் கடையில் இறக்கிவிடும். முன்பின் தெரியாதவர்கள்தாம்.

கைச்சைகைகளும் இருந்தன. இவை வெறும் பழக்கம் அல்ல, சட்டத்திலேயே இருந்தவை என்பது எங்களுக்கு வியப்பு. 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளில் ஓட்டுநர் காட்ட வேண்டிய கைச்சைகைகள் எழுதப்பட்டிருந்தன. வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்தால் ‘வேகத்தைக் குறைக்கிறேன்’. முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் ‘நிற்கப்போகிறேன்’. கையை நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசினால் ‘நீ முந்திக்கொள், நான் இடம் தருகிறேன்’. மற்றவனை முந்திப் போகச் சொல்வதற்கு என்றே ஒரு சைகை! பரிசளிப்பு விழாவில் கூட நாங்கள் யாரும் யாருக்கும் அப்படிக் கை காட்டியதில்லை.

மாநகரப் பேருந்தில் இந்த மொழியின் ஒரு துண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. 29சி-யில் ஏறிப் பாருங்கள். நடத்துநர் ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும். இரண்டு விசில் கொடுத்தால் புறப்படலாம். கூட்டத்தில் ஓட்டுநருக்கு அவர் முகம் தெரியாது. ஆனாலும் தவறு நேர்வதில்லை, ஏனென்றால் தேவையில்லாமல் விசில் அடிப்பதில்லை. ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும் நடத்துநரைக் கற்பனை செய்து பாருங்கள்! பேருந்து எங்கேதான் நிற்கும்?

லாரியில் நடத்துநருக்குப் பதில் கிளீனர் இருந்தார். பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி, ‘வரலாம், வரலாம், ரைட்டு’ என்று குரல் கொடுத்து, பலகையில் தட்டிக் காட்டுவார். தெருவில் குழந்தைகள் நின்றால் விலக்குவார். இடப்பக்கத்துக்கு அவர்தான் கண். எங்கள் நண்பரின் லாரியில் இப்போது கிளீனர் இல்லை. “அந்தக் கூலிக்கு ஆள் வர்றதில்ல, ஓனரும் வைக்கறதில்ல. நான் ஒருத்தன்தான். இந்தப் பக்கம் யாரு நிக்கறாங்கன்னு தெரியாது. பயத்துல ஹாரன் அடிச்சுட்டே போறதுதான்” என்றார். லாரிக்காரர்கள் மரியாதையை மறந்துவிட்டார்கள் என்று சொல்லுமுன் இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மரியாதை செய்ய அவர்களுக்கு ஒரு துணை ஆள் இருந்தார். சம்பளத்தை மிச்சம் பிடிக்க அந்த இருக்கையைக் காலியாக்கிவிட்டார்கள்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதித்துள்ளது. மே மாத வெயிலில் இயந்திரச் சூட்டின் அருகே உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு இது கருணை. எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டால் கை வெளியே வராது. கைக்குப் பதில் இண்டிகேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் குழப்பம். முன்னால் போகிற லாரி வலப்பக்க விளக்கைப் போட்டால், ‘நான் வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்று ஓர் ஊரில் பொருள். ‘நீ வலப்பக்கமாக முந்திக்கொள்’ என்று இன்னோர் ஊரில் பொருள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சாலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அறிவியல் மிஸ்ஸிடம் ஒலியியல் பாடத்தின்போது இதையெல்லாம் சொன்னோம். அவர் அமெரிக்க லாரிக்காரர்களின் கதையைச் சொன்னார். அங்கே 1958-இல் பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு வானொலி அலைவரிசையை ஒதுக்கினார்கள். அதற்கு சி.பி. ரேடியோ என்று பெயர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. 1974 தொடக்கத்தில் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் வந்தது. எந்த பங்க்கில் டீசல் கிடைக்கும், எங்கே விபத்து என்று லாரிக்காரர்கள் இந்த ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். (எங்கே போலீஸ் நிற்கிறது என்பதையும் சொல்லிக்கொண்டார்கள். சங்ககிரியானாலும் அமெரிக்காவானாலும் லாரிக்காரர் லாரிக்காரர்தான்!)

அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. இருவர் பேசும்போது மூன்றாமவர் குறுக்கிடக் கூடாது. இடைவெளி பார்த்து ‘பிரேக்’ என்று சொல்லி அனுமதி கேட்க வேண்டும். பேசச் சொன்ன பிறகுதான் பேச வேண்டும், அதுவும் சுருக்கமாக. கேட்டது புரிந்தால் ‘டென் ஃபோர்’. 9-ஆம் எண் அலைவரிசை ஆபத்து உதவிக்கு மட்டும். அதில் அரட்டை கூடாது. லாரிக்காரர்களுடையது 19. பிறகு 1975-இல் ‘கான்வாய்’ என்று ஒரு பாட்டு வந்து நாடே அந்த ரேடியோவின் பின்னால் ஓடியது. 23 அலைவரிசைகள் போதாமல் 1977-இல் 40 ஆக்கினார்கள். 1983-இல் உரிமம் வாங்க வேண்டும் என்பதையும் எடுத்துவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தது, ஒழுங்கு போயிற்று. 4 வாட் வரைதான் அனுமதி என்றிருக்க, சட்டத்துக்குப் புறம்பாகப் பெரிய பெருக்கிகளை வைத்து மற்றவர் குரலை அமுக்கினார்கள். பாட்டுப் போட்டார்கள், வசை பாடினார்கள். நல்ல முறையில் பேசியவர்கள் மெல்ல மெல்ல அணைத்துவிட்டுப் போனார்கள். மிச்சத்தைக் கைப்பேசி பார்த்துக்கொண்டது. நம் நாட்டிலும் 2005-இல் அதே பகுதி அலைவரிசையை 5 வாட் வரை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் நம் ஓட்டுநர்களின் சட்டைப்பையில் கைப்பேசி வந்துவிட்டது. லாரிகளில் அந்த ரேடியோ பரவவே இல்லை.

இதைக் கேட்டபோது எங்களுக்கு ராமகிருஷ்ண மடம் சாலைதான் கண்முன் வந்தது. அங்கே பெருக்கி, இங்கே ஏர் ஹாரன். கடூரமாகவும் பல சுரங்களிலும் ஒலிக்கும் ஹாரன்களை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் பாண்டி பஜாரில் ஒரு மணி நேரம் நின்றால் எல்லா ராகமும் கேட்கலாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தேவையின்றி ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாயும் மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம் என்றார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது. 2020-இல் மும்பை போலீசார் இன்னும் ஒரு படி மேலே போய், ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்படி செய்து காட்டினார்கள். நல்ல தண்டனை! பனகல் பூங்கா சந்திப்பில் வைத்தால் பச்சை விளக்கு வரவே வராது என்று எங்கள் வகுப்பு முழுவதும் சிரித்தது.

அந்தக் காலத்து லாரிக்காரர்கள் அனைவரும் தேவதூதர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தூக்கமின்றி ஓட்டி உயிர்களைப் பலிகொண்டவர்களும் அவர்களுள் உண்டு. பழுதான வண்டிக்கு இன்று யாரும் நிற்காததற்கும் காரணம் உண்டு. வழிப்பறிப் பயம், நேரத்துக்குச் சரக்குச் சேர்க்காவிட்டால் வாடகையில் பிடித்தம். கைப்பேசி வந்ததால் மெக்கானிக்கைக் கூப்பிட அடுத்த லாரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் நண்பரே, “போன் இருக்கறது நல்லதுதான் கண்ணு, என் கூட்டாளிங்க குரூப்புல எல்லாம் சொல்லிக்குவோம்” என்றார். ஆனால் குரூப்பில் கூட்டாளிகள் மட்டுமே இருக்கிறார்கள். எதிரே வருகிற முகம் தெரியாத மனிதன் அதில் இல்லை; அவனுக்கு விளக்கை டிம் செய்தால்தான் உண்டு. முன்பு நம்மூரில் முகப்பு விளக்கின் நடுவே கருப்புப் பொட்டு வைக்காத வண்டியைப் போலீசார் நிறுத்துவார்களாம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். இப்போதைய வெள்ளை விளக்குகளைப் பார்த்தால் இரவில் திரு.வி.க. பாலத்தின்மேல் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அவர் காலத்தில் ஹாரன் இல்லை. இருந்திருந்தால் பதினோராவது குறளும் எழுதியிருப்பார்.

ஒரே சத்தம் வேறுவேறாகக் கேட்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னையின் நான்கு ஏரிகளும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது நாங்கள் சிறுமிகள். தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களோடு எல்லாரும் ஓடுவார்கள். அதைவிட இனிய ஒலி அந்த ஆண்டில் இல்லை. ‘வந்துவிட்டேன்’ என்று சொன்ன ஹாரன் அது.

இனி, சொல்ல மனமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சைக்கிளில் வந்தவள் விழுந்த மறு வாரம், மாவுக்கட்டின்மேல் நாங்கள் ஒவ்வொருத்தியாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் பேனாவை வாங்காமல் அழுதாள். அந்தக் கார் அவளுடையது. அவள் பின்னிருக்கையில் இருந்தாள். “லேட் ஆகுதுப்பா, ஹாரன் அடிங்கப்பான்னு சொன்னதே நான்தான்” என்றாள். விழுந்ததை அவளுடைய அப்பா பார்க்கவில்லையாம், அவள் பார்த்தாளாம். பார்த்தும், அசெம்பிளிக்கு நேரமாகிறதே என்று வாய் திறக்கவில்லையாம்.

வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ள எங்களுக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அந்த வார்த்தையைச் சொல்லாதவள் எங்களுள் யார்? அப்பாவின் ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து, லஸ் முனையில் முன்னால் நிற்கும் ஆட்டோவைக் காட்டி, ‘அடிங்கப்பா’ என்று முதுகில் தட்டாதவள் யார்? லாரிக்காரர் தன் கிளீனரை இழந்து பயத்தில் அடிக்கிறார். நாங்கள் பத்து நிமிடம் அதிகமாகத் தூங்கிவிட்டு அடிக்கச் சொல்கிறோம். காலை எட்டேகால் முதல் எட்டரை வரை எங்கள் பள்ளி வாசலில் நின்று பாருங்கள். அங்கே ஒரு லாரியும் இல்லை. இருப்பவர்கள் எல்லாம் நம் அப்பாக்கள், அம்மாக்கள். அமைதி மண்டலம் என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் அடிக்கிறார்கள். வாட்ச்மேன் தாத்தா வெறுங்கையால் காரையும் ஆட்டோவையும் நிறுத்தி எல்.கே.ஜி. குழந்தைகளைக் கடத்திவிடுகிறார். அவர் கையைப் பார்த்தும் ஹாரன் ஒலிக்கிறது.

ஆகவே ஜனவரியிலிருந்து எங்கள் பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தோம். வாகனத்தில் வருபவர்கள் தெருமுனையிலேயே இறங்கி நடந்துவர வேண்டும். நூறு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். முதல் நாள் ஒன்பது பேர் நடந்தோம். காரில் வந்தவளும் மாவுக்கட்டுக்காரியும் அதில் அடக்கம். பிப்ரவரி முடிவில் முப்பத்தோரு பேர். மற்ற பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளவும், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசவும் சிஸ்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். “முதலில் பொதுத்தேர்வு முடியட்டும்” என்றிருக்கிறார். ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் இதை எடுத்து நடத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழை வந்தால் எத்தனை பேர் நடப்பார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.